பனியில் இனிப்பு: அள்ளும் இடத்திலிருந்து கிண்ணம் வரை

தமிழில் புல் நுனியில் விடியற்காலையில் நிற்பதும் பனி, சாலையை மறைக்கும் மூட்டமும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக இறங்கித் தரையை மூடுவதும் பனி. இங்கே சொல்லப்போவது மூன்றாவது பனியை. அதை ஒரு கிண்ணம் அள்ளி, சர்க்கரை கரைத்த குளிர்ந்த பாலைச் சேர்த்துக் கிளறினால் ஐந்தே நிமிடத்தில் ஐஸ்கிரீமுக்குத் தம்பி முறையான ஒரு பண்டம் கிடைத்துவிடும். இயந்திரம் தேவையில்லை, மணிக்கணக்கில் ஃப்ரீசரில் வைக்கவும் தேவையில்லை.

செய்முறை எளிது. சிக்கல், பனியைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. "பனியைச் சாப்பிடலாமா?" என்று யாராவது கேட்டால், "எந்தப் பனியை?" என்று திருப்பிக் கேட்காமல் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. ஆகவே சமையலறைக்குப் போகும் முன் கொஞ்ச நேரம் வெளியே நிற்போம்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் சுத்தமா?

மேகத்தில் இருக்கும் நீர்த்துளி 0 டிகிரி செல்சியஸைத் தொட்டவுடன் உறைந்துவிடுவதில்லை. பற்றிக்கொள்ள எதுவும் கிடைக்காவிட்டால் கிட்டத்தட்ட மைனஸ் 38 டிகிரி வரைகூட அது நீராகவே இருக்கும். உறைவதற்கு ஒரு வித்து வேண்டும். பெரும்பாலும் அது மண் தூசியின் ஒரு துகள். சில வேளைகளில், செடி இலைகளில் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவும் அந்த வேலையைச் செய்கிறது. ஆக, பனிப்படிகத்தின் நடுவிலேயே ஒரு தூசி உட்கார்ந்திருக்கிறது. இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். மழைத்துளியின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடப்பதை. பனிப்படிகம் ஆறு கைகளை விரித்துக்கொண்டு மெதுவாக இறங்குகிறது. உடல் சிறியது, பரப்போ பெரியது. வரும் வழியில் காற்றில் மிதக்கும் புகைக்கரி, கந்தக, நைட்ரஜன் சேர்மங்கள், வாகனப் புகையின் மிச்சங்கள் எல்லாவற்றையும் ஒட்டடைக் குச்சிபோல் துடைத்துக்கொண்டே வருகிறது. பனி பெய்து முடிந்த மறுநாள் காற்று அத்தனை தெளிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காற்றிலிருந்த அழுக்கு இப்போது தரையில் கிடக்கிறது.

இதை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் மான்ட்ரியாலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குளிரறைக்குள் பனியையும் வாகன எஞ்சினின் புகையையும் ஒன்றாக விட்டபோது, புகையில் இருந்த பென்சீன், டொலுவீன் போன்ற நச்சு வேதிப்பொருள்கள் பனிக்குள் ஏறின. 2019-இல் வெளியான இன்னோர் ஆய்வு, ஆல்ப்ஸ் மலையிலும் ஆர்க்டிக்கிலும் எடுத்த பனியில்கூட நுண் பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதைக் காட்டியது. துளி மாசும் இல்லாத பனி வேண்டும் என்று அடம்பிடித்தால் உலகத்தில் எங்கும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். நாம் தேடுவது, எப்போதாவது ஒரு கிண்ணம் சாப்பிடும் அளவுக்குச் சுத்தமான பனியை. அது கிடைக்கும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்கள், போக்குவரத்தும் தொழிற்சாலையும் அருகில் இல்லாத இடத்தில், புதிதாக விழுந்த பனியை, ஒரு குளிர்காலத்தில் சில முறை சாப்பிடுவதில் பயப்பட ஒன்றுமில்லை. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கு நான் கொடுக்க மாட்டேன். அவர்களுக்காகவே கடைசியில் வேறொரு வழி வைத்திருக்கிறேன். பெருநகரத்தின் நடுவில், பிரதான சாலையை ஒட்டிய வீடு என்றால், எல்லோருக்குமே அந்தக் கடைசி வழிதான்.

எப்போது அள்ளுவது, எங்கே அள்ளுவது

முதலில் விழும் பனிதான் காற்றைத் துடைக்கிறது. எனவே பனி தொடங்கியதும் துள்ளிக் குதித்துப் பாத்திரத்தை வைக்க வேண்டாம். ஒன்றிரண்டு மணி நேரம் பெய்யவிடுங்கள். அதற்குப் பிறகு விழுவது, ஏற்கெனவே கழுவிவிடப்பட்ட காற்றின் வழியாக வருவது. அதே போல், பனி நின்றபின் நாள்கணக்கில் கிடக்கும் பனியும் வேண்டாம். கிடக்கக் கிடக்க அதன்மேல் தூசி படியும், பறவை நடக்கும், நாய் நடக்கும். பலமான காற்றோடு பெய்யும் நாளில் தரைப் புழுதியும் கலந்துவிடும். அன்றைக்கு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மிகச் சுத்தமான வழி, பனியைத் தரையில் விழவிடாமலே பிடிப்பது. அகலமான ஸ்டீல் பாத்திரம் ஒன்றைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, அரை மணி நேரம் வெளியிலோ ஃப்ரீசரிலோ வைத்துக் குளிரவிடுங்கள். பிறகு திறந்தவெளியில் ஒரு மேசைமேல் வையுங்கள். மேலே மரக்கிளை, மின்கம்பி, கூரை விளிம்பு எதுவும் இருக்கக் கூடாது. கூரையிலிருந்து சரியும் பனி பார்க்க அழகாக இருக்கும். அதில் பறவை எச்சம் இருக்கும். எச்சத்தில் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற வயிற்றைக் கலக்கும் கிருமிகள் இருக்கலாம். குளிரில் கிருமிகள் செத்துவிடும் என்று நம்புபவர்கள் நிறைய. அவற்றில் பல சாவதில்லை, வெறுமனே உறங்குகின்றன.

தரையிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால் குறைந்தது 10 சென்டிமீட்டர் ஆழம் சேர்ந்திருக்க வேண்டும். மேலாக மூன்று, நான்கு சென்டிமீட்டரை மட்டும் சுத்தமான அகப்பையால் வழித்தெடுங்கள். அகப்பையில் மண் நிறம் தெரிந்துவிட்டால் அந்த இடத்தை விட்டு நகருங்கள்.

சாலையோரப் பனியைத் தொடவே கூடாது. பனி அகற்றும் வண்டி ஒதுக்கிய குவியலில் சாலைக்குப் போடும் உப்பு, டயர்த் தூள், எண்ணெய் எல்லாம் சேர்ந்திருக்கும். வாகனங்களிலிருந்து ஒழுகும் குளிர்விப்பான் திரவத்தில் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். அது நஞ்சு, அதைவிட மோசம், அது இனிக்கும். நாக்கு எச்சரிக்கை செய்யாது. பழைய வண்ணப்பூச்சு உதிரும் சுவரோரம், புகைபோக்கிக்குக் காற்று போகும் திசை, பூச்சிமருந்து தெளித்த தோட்டம் ஆகியவையும் இதே கணக்குதான். பனிச்சறுக்கு மைதானங்களில் இயந்திரம் வைத்துத் தூவும் செயற்கைப் பனியையும் விட்டுவிடுங்கள். அது குளத்து நீராக இருக்கலாம். எளிதில் உறைவதற்கு, மேலே சொன்ன அதே பாக்டீரியாவிலிருந்து எடுத்த புரதத்தைக் கலப்பதும் உண்டு.

நிறம் ஒரு நல்ல காவலாளி. மஞ்சள் பனியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சாம்பல் நிறம் என்றால் கரி, பழுப்பு என்றால் மண். இளஞ்சிவப்பு மட்டும் கொஞ்சம் சுவையான கதை. 1818-இல் ஜான் ராஸ் என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கேப்டன் கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் செந்நிறப் பனி மூடிய பாறைகளைக் கண்டார். விண்கல் இரும்பின் துருவோ என்றுகூட அன்றைக்குச் சந்தேகித்தார்கள். உண்மையில் அது குளிரில் வாழும் ஒரு நுண்பாசி. வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் சிவப்பு நிறமியைச் சேர்த்துவைக்கிறது. உயரமான மலைகளில் கோடைக்காலத்தில் இன்றும் பார்க்கலாம். தர்ப்பூசணி வாசம்கூட வரும் என்பார்கள். சாப்பிட்டால் பேதியாகும் என்றும் சொல்வார்கள். படம் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

ஒரு தாள் சோதனை

பனியை அள்ளிப் பார்த்த முதல் குளிர்காலத்தில் எனக்குக் கிடைத்த அழகான பனி, நிறுத்தி வைத்திருந்த ஒரு காரின் கூரைமேல் இருந்தது. ஓர் அடி உயரம், மாசு மருவில்லாத வெள்ளை. அதில் ஒரு கிண்ணமும், மேசைமேல் வைத்த பாத்திரத்திலிருந்து ஒரு கிண்ணமும் எடுத்து, இரண்டையும் உருகவிட்டு, தனித்தனிக் காபி வடிதாள்களில் ஊற்றிப் பார்த்தேன். பாத்திரத்துப் பனி ஊற்றிய தாளில் பழுப்பாக ஒரே ஒரு துகள். கார்க் கூரைப் பனி ஊற்றிய தாளின் அடியிலோ நைஸாக அரைத்த மிளகுத்தூளைத் தூவியதுபோல் கருப்புப் புள்ளிகள், நீல நிறத்தில் ஒரு நூலிழை, ஏதோ பூச்சியின் பாதி இறகு. தாளைச் சுற்றி மெல்லிய சாம்பல் வளையம் வேறு. பனியாக இருந்தபோது இவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

நீங்களும் புதிய இடத்தில் எடுக்கும்போது இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: தாளில் தங்குவது கரையாத அழுக்கு மட்டுமே. உப்பும் கிளைக்காலும் பென்சீனும் தாளைத் தாண்டிப் போய்விடும். தாள் அழுக்கானால் பனியைக் கொட்டிவிடலாம். தாள் வெள்ளையாக இருந்தால், எடுத்த இடமும் சரியாக இருந்தால்தான் மேலே போகலாம்.

பால் பனி: அடிப்படைச் செய்முறை

நான்கு பேருக்கு வேண்டியவை: அழுத்தாமல் அள்ளிய பனி 8 கப், பால் 1 கப், சர்க்கரை மூன்றில் ஒரு பங்கு கப், வெனிலா எசென்ஸ் 1 தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. இனிப்பு போதாது என்று தோன்றினால் சர்க்கரையை அரைக் கப் வரை கூட்டலாம். குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும். ஆகவே பாலை மட்டும் சுவைக்கும்போது கொஞ்சம் திகட்டுவதுபோல் இருந்தால் அதுதான் சரியான அளவு.

எட்டு கப் என்றதும் மலைக்க வேண்டாம். புதுப்பனியில் பெரும்பகுதி காற்று. 10 சென்டிமீட்டர் பனி உருகினால் தோராயமாக ஒரு சென்டிமீட்டர் தண்ணீர்தான். பஞ்சுபோன்ற பனி எட்டு கப், நிறுத்துப் பார்த்தால் 160 முதல் 200 கிராம் வரைதான் இருக்கும். கிண்ணத்தில் எடைக்கணக்கில் பனியைவிடப் பால் அதிகம்! இந்தச் சின்ன விவரத்தில்தான் முதல் முறை செய்பவர்கள் எல்லோரும் வழுக்குகிறார்கள். நானும் வழுக்கினேன். சர்க்கரை சீக்கிரம் கரையட்டும் என்று பாலைச் சூடாக்கி, ஆறுவதற்குப் பொறுமையில்லாமல் ஊற்றினேன். கிடைத்தது வெனிலா வாசத்துடன் ஒரு கிண்ணம் சில்லென்ற சர்க்கரைப் பால்.

கணக்கு இதுதான். ஒரு கிராம் பனி உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும். 25 டிகிரியில் இருக்கும் ஒரு கப் பால், 0 டிகிரிக்கு இறங்குவதற்குள் ஏறக்குறைய 70 கிராம் பனியை உருக்கிவிடும். அதாவது கிண்ணத்தில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அதே பால் ஃபிரிட்ஜிலிருந்து 4 டிகிரியில் வந்தால் உருகுவது சுமார் 12 கிராம்தான். வெற்றியும் தோல்வியும் இந்த ஓர் இடத்தில்.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும். பனி பெய்யத் தொடங்கும்போதே பாலில் சர்க்கரை, உப்பு சேர்த்து நன்றாகக் கரையும்வரை கலக்குங்கள். வெனிலாவைச் சேர்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள். கலக்கும் பாத்திரம், கரண்டி, பரிமாறும் கிண்ணங்கள் எல்லாவற்றையும் ஃப்ரீசரில் வையுங்கள். எல்லாம் குளிர்ந்தபின் கடைசியாகப் பனியைக் கொண்டுவாருங்கள். வீட்டுக்குள் வந்த நொடியிலிருந்து அது சுருங்கத் தொடங்கிவிடும்.

பாலை ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டாம். மூன்றில் ஒரு பங்கை மேலே பரவலாகத் தெளித்து, முள்கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். மசிக்கக் கூடாது, மசித்தால் காற்று வெளியேறிக் கூழாகிவிடும். அடுத்த பங்கு, மறுபடி புரட்டல். மூன்றாவது பங்கை ஊற்றும்போது கையைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். கலவை கரண்டியில் குவியலாக நின்றால் நிறுத்திவிடலாம், பால் மீந்தாலும் பரவாயில்லை. தளர்ந்துவிட்டால் இன்னும் ஒரு கப் பனி சேர்த்தால் சரியாகிவிடும்.

பனியின் தன்மையைப் பொறுத்து அளவு மாறும். மைனஸ் ஐந்து, பத்து டிகிரிக் குளிரில் விழும் உலர்ந்த தூள்பனி கையில் பிடித்தால் உதிரும். இதற்கு அதுதான் உத்தமம். பூஜ்யத்தை ஒட்டி விழும் ஈரப்பனி உருண்டை பிடிக்க வரும், பொம்மை செய்யவும் வரும், இனிப்புக்கு மட்டும் வராது. ஈரப்பனிதான் கிடைத்தது என்றால், தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, உதிர்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

செய்தவுடன் சாப்பிட வேண்டும். மீதியை ஃப்ரீசரில் வைத்தால் மறுநாள் பாறையாகக் கிடைக்கும். கடையில் வாங்கும் ஐஸ்கிரீம் மென்மையாக இருப்பது, கடையும்போது உள்ளே அடைக்கப்பட்ட காற்றினாலும் அதைப் பிடித்து வைத்திருக்கும் கொழுப்பினாலும். நம்முடையதில் இரண்டும் நிலைப்பதில்லை.

சில மாற்றங்கள்

பாலுக்குப் பதில் கன்டென்ஸ்டு மில்க் சேர்த்தால் இன்னும் திடமாக வரும். அதில் நீர் குறைவு, சர்க்கரையோ ஏற்கெனவே இருக்கிறது. 400 கிராம் டின் ஒன்றுக்குப் பன்னிரண்டு கப் பனி, ஒரு தேக்கரண்டி வெனிலா. டின்னை முந்தின இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். எனக்குப் பிடித்தது இதுதான். அவசரக்காரர்களை இது மன்னித்துவிடும்.

சாக்லேட் வேண்டுமானால் கோகோ தூளை நேரடியாகப் பனியில் போடாதீர்கள், கட்டி கட்டியாக நிற்கும். இரண்டு மேசைக்கரண்டி கோகோவைக் கொஞ்சம் சூடான பாலில் கரைத்து, மீதிப் பாலோடு சேர்த்து முழுவதும் குளிரவைத்தபின் ஊற்றுங்கள். பால் வேண்டாதவர்கள் தேங்காய்ப்பாலில் செய்யலாம். அதன் கொழுப்பு இதற்கு நன்றாகவே ஒத்துழைக்கும். பழச்சாறு என்றால் பாதியாக வற்றும்வரை காய்ச்சிக் குளிரவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பனி உருகும்போது சுவை நீர்த்துப்போகும். முட்டை சேர்க்கும் பழைய செய்முறைகள் உண்டு. பச்சை முட்டையைச் சேர்க்க வேண்டாம். பாலோடு கலந்து, அடுப்பில் 71 டிகிரி செல்சியஸ் வரும்வரை கிளறிச் சூடாக்கி, பிறகு குளிரவைத்துப் பயன்படுத்தலாம்.

பனிமேல் ஊற்றும் மேப்பிள் மிட்டாய்

இது கனடாவின் கியூபெக் பகுதியின் பெருமை. வசந்தம் எட்டிப்பார்க்கும்போது மேப்பிள் மரங்களின் சாற்றைக் காய்ச்சும் குடில்களில், கெட்டிப்பாகைப் பனிமேல் ஊற்றிக் குச்சியில் சுற்றிச் சாப்பிடுவார்கள்.

தூய மேப்பிள் சிரப் ஒரு கப் எடுத்துக்கொள்ளுங்கள். மேப்பிள் வாசனை மட்டும் சேர்த்த சோளச் சிரப் இதற்குச் சரிவராது. பொங்கி எழும் என்பதால் ஆழமான பாத்திரத்தில் ஊற்றி, மிதமான தீயில், கிளறாமல் காய்ச்சுங்கள். கிளறினால் சர்க்கரை பூத்துவிடும். தெர்மாமீட்டர் 112 முதல் 115 டிகிரி செல்சியஸைக் காட்டும்போது இறக்கிவிடுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டுப் பாருங்கள். விரலில் மெத்தென்று உருட்ட வர வேண்டும். தட்டில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பனியை இறுக்கமாக அழுத்தி வைத்து, பாகைக் கோடு கோடாக ஊற்றி, பத்து விநாடி கழித்துக் குச்சியில் சுருட்டுங்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் பனியை நன்றாக அழுத்த வேண்டும். தூள்பனியில் ஊற்றினால் பாகு குழிதோண்டிக்கொண்டு உள்ளே போய்விடும்.

கொதிக்கும் பாகு பட்டதால் பனியின் கிருமி செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். பாகு நொடியில் ஆறிவிடுகிறது, ஒட்டிக்கொண்டு வரும் பனி அப்படியே வாய்க்குப் போகிறது. பனிக்கான விதிகள் இங்கேயும் அவையே. பாகு ஊற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். சுடுநீர்போல் வழிந்துவிடாமல் தோலில் ஒட்டிக்கொண்டு பொசுக்கும்.

பனியை நம்ப முடியாதபோது

சாலையோர வீட்டுக்காரர்களுக்கும், உடல்நலம் கருதித் தயங்குபவர்களுக்கும் உரிய வழி இது. பனியைத் தின்னாமல், அதை ஃப்ரீசராக வேலை வாங்குவது. பனியோடு உப்பைச் சேர்த்தால் அதன் உறைநிலை இறங்குகிறது. பனி உருகியாக வேண்டும், உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியிருப்பதிலிருந்து உறிஞ்சுகிறது. உப்பும் பனியும் சரியான விகிதத்தில் சேர்ந்தால் மைனஸ் 21 டிகிரி வரை போகும்.

ஒரு கப் பால் (பாதி கிரீம் என்றால் இன்னும் நல்லது), இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி வெனிலா ஆகியவற்றைச் சிறிய ஜிப் பையில் ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடுங்கள். அதை இன்னொரு பைக்குள் போட்டு மறுபடி மூடுங்கள். பெரிய பையில் அழுத்திய பனி ஆறு கப், கல்லுப்பு முக்கால் கப் போட்டு, நடுவில் சிறிய பையைப் புதைத்து, எட்டுப் பத்து நிமிடம் குலுக்குங்கள். தடிமனான கையுறை கட்டாயம். வெறுங்கையால் பிடித்தால் தோல் உறைந்து புண்ணாகும். குலுக்குவதற்கு வீட்டில் சிறுவர்கள் இருந்தால் நல்லது, முறை வைத்துச் செய்வார்கள். ஐந்தாவது நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று தோன்றும். ஏழாவது நிமிடத்தில் பைக்குள் களக் களக்கென்ற சத்தம் நின்று, பொத்தென்று ஒரு கனம் வரும். அப்போது நெருங்கிவிட்டது என்று பொருள்.

திறப்பதற்கு முன் பைகளின் வெளிப்புறத்தையும் ஜிப் மடிப்பையும் குளிர்ந்த குழாய்நீரில் நன்றாகக் கழுவித் துடையுங்கள். முதல் கரண்டியே கரிப்பதற்குப் பெரும்பாலும் அந்த மடிப்பில் தங்கியிருக்கும் உப்புநீர்தான் காரணம். பெரிய பையில் மிஞ்சும் உப்புநீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், கழிவுநீர்க் குழாயில் விட்டுவிடுங்கள்.